ஊமைச்சியின் முகம்

கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் வைத்தபின் நம்பி பேனாவை எடுத்தார். உறையின் மேல் பெயர் எழுதிக் கொடுப்பது அவர் கடை வழக்கம். ஒரே வீட்டில் நாலு கண்ணாடி இருந்தால் நாலும் மாறிப்போகும். பிறகு தலைவலி என்று கடைக்கு வந்து நிற்பார்கள்.

"யார் பேர் போடட்டும் சுபேதார் சார்?"

"அக்காவுக்குத்தான் சாமி. செண்பகாங்கின்னு எழுதுங்க."

பேனா நின்றது.

நம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணாடிக் கடை வைத்துத் தலை நரைத்தவர். செண்பகத்துக்கும் செண்பகவல்லிக்கும் எத்தனையோ கண்ணாடி கொடுத்திருக்கிறார். செண்பகாங்கி என்று ஒருத்திக்குக் கொடுத்ததில்லை. அந்தப் பெயர் ஒரே ஒரு நாடகத்தில்தான் உண்டு என்று நினைத்திருந்தார். அந்த நாடகத்தில் செண்பகாங்கியாக வேஷம் கட்டியவர் அவருடைய தாத்தா சௌரிராஜன்.

"இந்தப் பேர் எங்கேர்ந்து பிடிச்சேள்?"

"எங்க வீட்டுச் சாமி பேரு. பெட்டிக்குள்ள சுருளா இருக்கா. மொதக் கட்டத்துல எழுத்துப் போட்டு வச்சிருக்கும். நாங்க கூப்பிடுறது ஊமைச்சின்னுதான்."

"சுருள்னா?"

"பிலிமு சாமி. பழைய பிலிமு."

நம்பி பேனாவை மூடினார். கடையில் காத்திருந்த இன்னொருவரைச் சாயங்காலம் வரச் சொன்னார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்த விஜயபாண்டிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கண் பரிசோதனைக்கு உட்காரும் நாற்காலி அது. சுபேதார் எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் பழக்கத்தில் படிக்க ஆரம்பித்தார்.

"அத விடுங்கோ. சாமி கதையச் சொல்லுங்கோ."

விஜயபாண்டி சொன்னார். அவருடைய பூட்டன் காலத்தில் ராஜபாளையத்துக்கு ஒரு கொட்டகைக்காரன் வந்து படம் காட்டினான். வந்த இடத்தில் காலரா கண்டு அவர்கள் மாட்டுக் கொட்டத்தில் செத்துப்போனான். அவனுடைய பெட்டி நின்றுவிட்டது. தேடி யாரும் வரவில்லை. திறந்து ஒரு சுருளை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள்.

"ஒரு பொம்பள வாயத் தொறந்துக்கிட்டு நிக்கா. சத்தத்தக் காணும். செத்தவன் பெட்டி, பேசாத பொம்பள. சும்மா வச்சிக்கிட்டு இருக்க முடியுமா? ஊமைச்சின்னு கும்பிட்டுட்டோம்."

அன்று சாயங்காலம் நம்பி வீட்டுக்கு நடந்து போகவில்லை. ஆட்டோ பிடித்தார்.

வீட்டில் அவருடைய அத்தை ஜயலக்ஷ்மி கூடத்து ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். தொண்ணூற்று நாலு வயது. சௌரிராஜனின் மகள். மகள் என்று சொல்லலாமே தவிர அவள் அவரைப் பார்த்ததில்லை. அவள் வயிற்றில் இருக்கும்போதே அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

நாடகத்தில் ஸ்திரீபார்ட் போடுவதை சௌரிராஜனின் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு பொறுத்தார். நாடகம் போட்ட ஊரோடு போய்விடும். ஆனால் மதராஸிலிருந்து ஒருவன் வந்து அந்த நாடகத்தை அப்படியே படம் பிடித்தான். பேசும் படம் வராத காலம். படம் ஊர் ஊராகப் போகும், பெருமாள் கோவிலில் தீர்த்தம் கொடுக்கும் வீட்டுப் பிள்ளை புடவை கட்டியதைக் கண்டவனும் பார்ப்பான் என்று தெரிந்தபோது, அப்பா உயிரோடு இருக்கும் பிள்ளைக்குக் குடம் உடைத்துத் தலை முழுகினார். வீட்டில் இருந்த புகைப்படங்களைக் கிழித்து அடுப்பில் போட்டார். சௌரிராஜன் திரும்பி வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, எங்கோ ஜுரத்தில் போய்விட்டார் என்று சேதி மட்டும் வந்தது. படமும் அதோடு காணாமல் போயிற்று. பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் இடங்களுக்கெல்லாம் நம்பி எழுதிக் கேட்டிருந்தார். படம் அழிந்துவிட்டது, ஒரு அடிகூட மிச்சமில்லை என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

அத்தைக்கு இருந்தது ஒரே ஆசை. அதை அவள் ஆசை மாதிரி சொல்லமாட்டாள்.

"கண்ண மூடி அங்க போனா அவர் எதிர்ல வருவார். யார்னு தெரியாம நான் வழி விலகிப் போவேன். நன்னா இருக்குமோடா?"

இப்போது நம்பி விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "மூஞ்சி தெரியறதாமா?"

"வாயைத் திறந்துண்டு நிக்கறாராம்."

"அது போறும். கொண்டு வா."

கொண்டு வா என்று சொல்வது சுலபம்.

பெட்டிக்குப் பொறுப்பு விஜயபாண்டியின் அண்ணன் கருத்தப்பாண்டி. நம்பி ராஜபாளையம் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நம்பி வந்த காரியத்தைப் பாதி சொன்னார். பழைய படம், ஆராய்ச்சி, பார்த்தால் போதும் என்றார். தாத்தா என்று சொல்லவில்லை. சாமி கும்பிடும் வீட்டில் முதல் நாளே அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"வாரும் ஐயரே. இரியும். மோர் குடியும். பெட்டி மாசி சிவராத்திரிக்கு மறுநாத்தான் தொறக்கும்."

"அது நாலு மாசம் இருக்கே. எங்காத்துல ஒரு பெரியவா இருக்கா. அவளுக்கு ஹார்ட் சரியில்லை. அதுக்குள்ள..."

"எம்புட்டுப் பெரியவுகளா இருந்தாலும் சாமிக்குச் சின்னவுகதான."

"தவிர, நான் ஐயர் இல்லை. ஐயங்கார்."

"ரெண்டும் ஒண்ணுதான."

நம்பி மோரைக் குடித்தார்.

"ஒரு வழி இருக்கு," என்றார் கருத்தப்பாண்டி. "பங்காளிமாரு சம்மதிச்சா எடையில தொறக்கலாம். ரெண்டே பேருதான். ஒருத்தன் வத்திராயிருப்புல இருக்கான். இன்னொருத்தன் ஆலங்குளம் சிமெண்டு பாக்டரியில."

நம்பி வத்திராயிருப்புக்குப் போனார். அந்தப் பங்காளி தென்னந்தோப்பில் நின்றுகொண்டே பேசினார். "எனக்கு ஒண்ணுமில்ல. ஆலங்குளத்தான் சரின்னா நானும் சரி." நம்பி ஆலங்குளத்துக்குப் போனார். ஷிப்ட் முடிந்து வந்தவர் உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு கேட்டார்: "வத்திராயிருப்பான் என்ன சொன்னான்?"

"சரின்னுட்டார்."

"அவன் சரின்னானா? அப்பம் எனக்குச் சரியில்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நம்பி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார். பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றார்.

சிவராத்திரி வரைக்கும் அத்தை இருந்தாள். இருந்தது மட்டுமில்லை, ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊருக்கு நாலு மாசமாகப் போய்க்கொண்டிருக்கும் மனுஷனை அவள் பார்த்ததில்லையாம்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் நம்பி ராஜபாளையம் வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பையில் கடையில் வைத்திருக்கும் லென்ஸ், வெள்ளைத் துணிக் கையுறை. எதிரே தகரப் பெட்டி. மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசி அதன் நிறமே தெரியவில்லை. கருத்தப்பாண்டி பெட்டியின் மேல் சூடத் தட்டை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்.

"ஐயா, வேண்டாம்," என்றார் நம்பி. "பழைய பிலிம் அது. பத்திண்டா தண்ணி ஊத்தினாலும் அணையாது."

"தெரியும்வே. எங்க சின்னையா காலத்துல ஒரு சுருள் அப்படித்தான் பத்துச்சு. கூரையோட போச்சு. அம்மா கோவக்காரி."

"கோவம் இல்லை. பிலிம்ல இருக்கற நைட்ரேட்."

"அந்தப் பேரு நாங்க வைக்கலையே."

விஜயபாண்டி குறுக்கே வந்தார். பட்டாளத்தில் வெடிமருந்துக் கிடங்கில் நின்றவர் அவர். சூடத்தை வாசலில் ஏற்றி, அங்கிருந்தே பெட்டியைப் பார்த்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. கருத்தப்பாண்டி தெருவில் நின்று காட்டினார். போகிற சைக்கிள்காரன் ஒருவன் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பெட்டி திறந்தது. காட்டமான ஒரு நெடி வந்தது. இரண்டு டப்பாக்கள். ஒன்றில் பழுப்புப் பொடி மட்டும் இருந்தது.

"இது?"

"அதுவும் சுருளாத்தான் இருந்துச்சு. தன்னால பொடியாப் போச்சு. துன்னூறுன்னு பூசினோம். நெத்தி எரிஞ்சுது. அம்புட்டு சக்தி."

பிலிம் மக்கினால் அமிலம் ஊறும் என்பது நம்பிக்குத் தெரியும். அமிலத்தைத் தலைமுறை தலைமுறையாக நெற்றியில் பூசியிருக்கிறார்கள். நல்லவேளை, கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் தன் கடைக்குத்தான் வந்திருப்பார்கள்.

இரண்டாவது டப்பாவில் கைக்கு அடங்கும் ஒரு சுருள். நாடா நாடாவாக ஓடிய படத்தில் இவ்வளவுதான் மிச்சம். நம்பி கையுறையை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லப் பிரித்தார். முதல் கட்டத்தில் எழுத்து: செண்பகாங்கி. தாத்தாவின் நாடகம்தான். லென்ஸைக் கண்ணில் வைத்து அடுத்தடுத்த கட்டங்களாக நகர்த்தினார். வரைந்த தூண்கள். மீசை வைத்த ராஜா. ஒரு கதவு. கதவு வழியாக ஒரு பெண் வருகிறாள், முதுகு தெரிகிறது, நீளப் பின்னல், பின்னலில் தாழம்பூ. அவள் திரும்புகிறாள். தோள் திரும்புகிறது. காது தெரிகிறது. கன்னம்.

அதற்கப்புறம் வெள்ளை நூல்.

பிலிமின் ஓரத்தில் இருக்கும் ஓட்டைகளில் நூலைக் கோத்து, இரண்டு துண்டை ஒன்றாகத் தைத்திருந்தார்கள். பஞ்சாலை நூல். நல்ல முறுக்கு. தையலும் சுத்தம். தையலுக்கு அந்தப் பக்கம் அவள் மறுபடி முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

நம்பி இன்னும் பிரித்தார். மறுபடி வருகிறாள். மறுபடி கன்னம். மறுபடி நூல்.

"இந்த நூல் என்ன?"

"வெட்டின எடத்தத் தச்சு வச்சிருக்கு. சாமிய மூளியா விடலாமா?"

"எதுக்கு வெட்டினேள்?"

கருத்தப்பாண்டிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. விஜயபாண்டி சட்டைக் கையை மேலே மடித்தார். புஜத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சதுர வெள்ளித் தாயத்து.

"பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போற பயலுக்கு ஆளுக்கு ஒரு கட்டம். ஹிட்லர் சண்டைல இருந்து உண்டு. எனக்கு இது. எம் மவன் ஜெயபாண்டி இப்பம் காசுமீர்ல கெடக்கான், அவன்கிட்ட ஒண்ணு."

"ஆளுக்கு ஒரு கட்டம் சரி. மூஞ்சி இருக்கற கட்டம் ஒண்ணுகூட இல்லையே."

"பொறவு? முதுகக் காட்டுற சாமியவா கட்டி அனுப்புறது?" என்றார் கருத்தப்பாண்டி. "நேர்மொகமா இருக்கணும். கண்ணு நம்மளப் பாக்கணும். சைடு மொகம்கூட ஆகாது. அதான் முறை."

நம்பி சுருளை, உள்நுனி பிரிக்காமலே, துணியின் மேல் வைத்தார். தொண்ணூறு வருஷத்துக்குமேல் கண்போலக் காப்பாற்றியிருக்கிறார்கள். தூண் இருக்கிறது. கதவு இருக்கிறது. ராஜாவின் மீசை முடி முடியாக இருக்கிறது. தாத்தாவின் முகம் மட்டும் வெள்ளியில் அடைபட்டு எல்லைக் காவலுக்கும் போலீஸ் லைனுக்கும் போய்விட்டது. அதில் பாதி, செத்துப்போனவர்களோடு தீயிலும் போயிருக்கும்.

"ஒரு தாயத்தப் பிரிச்சுப் பாக்கலாமா சுபேதார் சார்? ஒரே நிமிஷம்."

"பிரிச்சா அம்மா எறங்கிப் போயிருவா சாமி. எம் மவன் அங்க இருக்கறப்ப நான் எந்தத் தைரியத்துல பிரிக்க?"

அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

அப்போது உள்ளே இருந்து மாரிக்கனி வந்தாள். விஜயபாண்டியின் மருமகள், ஜெயபாண்டியின் பெண்டாட்டி. அவள் பின்னால் ஒட்ட வெட்டிய தலையோடு அவள் மகன் தனுஷ். பட்டாளத்தில் சேர்ந்தாயிற்று, மறுநாள் பயிற்சிக்குக் கிளம்புகிறான். அவள் கையில் சின்னக் கத்தரிக்கோல்.

"பெரிய மாமா, தாயத்து அடிக்க ஆசாரி காத்துக்கெடக்காரு. எடுத்துக் குடுங்க."

கருத்தப்பாண்டி சுருளின் உள்நுனியைப் பிடித்து இழுத்தார். நம்பி பதறிக் கையை நீட்டினார். அவர் தட்டிவிட்டார். கடைசித் துண்டின் கடைசிக் கட்டத்தில் நகத்தை வைத்தார்.

"இதான். இதோட நேர்மொகம் தீந்துச்சு. இனிமே இந்த வீட்டுல பொறக்குற பய வாத்தியாருக்குப் படிக்கட்டும்."

"இருங்கோ," என்றார் நம்பி. "ஒரே ஒரு தடவை பாத்துடறேன்."

பார்த்தார். மாவு பூசிய முகம். நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, தலை நிறையப் பூ. கண் நேராகப் பார்த்தது. நம்பி அதில் தன் அப்பாவின் காதைத் தேடினார். அத்தையின் மூக்கைத் தேடினார். தன் தாடையைத் தேடினார். ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பெண். இத்தனை பாடுபட்டு யாரோ ஒரு பெண்.

ஆனாலும் அத்தை பார்க்க வேண்டும். அவர் கைபேசியை எடுத்தார்.

"போட்டோ கூடாது," என்றார் கருத்தப்பாண்டி. "அம்மா அதுல பாதி போயிருவா. பொறவு இவனுக்கு மிச்சப் பாதியா?"

"ஒண்ணும் போகாது. இதுவே போட்டோதான்."

"இது சாமி. ஒம்ம கையில இருக்கது போனு."

நாலு மாசம் வயிற்றுக்குள் வைத்திருந்தது நம்பிக்கு அப்போதுதான் வெளியே வந்தது. "சாமி இல்லை. அது எங்க தாத்தா."

மாரிக்கனி கத்தரிக்கோலைத் தாழ்த்தினாள்.

"எங்க தாத்தா சௌரிராஜன். பொம்பளை வேஷம் போட்டிருக்கார். நாடகத்துல அதான் அவர் தொழில். அவர் பெத்த பொண்ணு எங்காத்துல உக்காந்திருக்கா. அப்பா மூஞ்சிய ஒரு தடவைகூடப் பாத்ததில்லை. நாலு மாசமா நான் இதுக்குத்தான் அலையறேன். ஆராய்ச்சியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

முதலில் வாயைத் திறந்தது விஜயபாண்டி. அவர் தன் புஜத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்பம் கார்கில்ல எங்கூட நின்னது ஒரு ஐயரா?"

"ஐயங்கார்," என்றார் நம்பி. அவரால் அடக்க முடியவில்லை.

"வெளிய போரும்வே," என்று கருத்தப்பாண்டி எழுந்தார். "வீட்டுக்குள்ள வந்து, மோரக் குடிச்சிட்டு, எங்க அம்மாவ ஆம்பளங்கீரு."

"செத்த நேரம் இருங்க பெரிய மாமா," என்றாள் மாரிக்கனி. நம்பியின் கையிலிருந்து லென்ஸை வாங்கினாள். அவர் வைத்திருந்தது போலவே கண்ணில் வைத்தாள். பார்த்தாள். பிறகு லென்ஸை எடுத்துவிட்டு நம்பியின் முகத்தை, கோழி வாங்குகிறவள் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒங்க சாடை ஒண்ணுகூட இல்ல. இது பொம்பளதான்."

"வேஷம்மா."

"ஒங்க தாத்தா வேற போட்டோ இருக்கா?"

"இல்லை. கிழிச்சுட்டா."

"நீங்க பாத்திருக்கியளா?"

"இல்லை."

"அந்தப் பெரியம்மா?"

"அதான் சொன்னேனே. பாத்ததில்லை."

"யாருமே பாக்காத ஆள எப்படி இதுதான்னு சொல்லுதிய?"

கருத்தப்பாண்டி சிரித்தார். "பாக்காத ஆளு அடையாளம் சொல்லுதாராம்."

மாரிக்கனி சிரிக்கவில்லை. சிக்கல் அவளுக்குத்தான். ஆசாரி வாசலில் காத்திருந்தான், மகன் மறுநாள் ரயில் ஏறுகிறான், இப்போது போய் ஒருவர் சாமியைத் தாத்தா என்கிறார்.

"மனசுல ஒரு குறைய வச்சிக்கிட்டு எம்புள்ள கையில கட்டமாட்டேன். அந்தப் பெரியம்மா பாக்கட்டும். பெத்த மகளுக்குத் தெரியாமப் போகாது. ஆம்பளன்னு சொன்னா இந்தக் கட்டத்த நீங்களே வச்சிக்கிடுங்க. சாமின்னு சொன்னா பொறவு வாயத் தொறக்கக் கூடாது."

"பெட்டிச் சாமி வாசல் தாண்டாது," என்றார் கருத்தப்பாண்டி. "பட்டாளத்துக்காரன் மேல இருந்தாத்தான் தாண்டும்."

"அப்பம் இவன் கையில குடுங்க. இவன் பட்டாளத்துக்காரன்தான?"

கருத்தப்பாண்டி யோசித்தார். முறையில் அதற்குத் தடை இல்லை. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மாரிக்கனியே நூலைப் பிரித்து, கட்டத்தை வெட்டினாள். நம்பி கண்ணை மூடிக்கொண்டார். தனுஷின் உள்ளங்கையில் பஞ்சை வைத்து, அதன்மேல் கட்டத்தை வைத்து, விரல்களை மடித்தாள்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நம்பி வழி முழுக்க அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டு வந்தார். வியர்க்கும். வியர்த்தால் ஒட்டும். ஒட்டினால் தோல் உரியும். நடுவழியில் தனுஷின் சட்டைப்பையில் போன் அடித்தது. கை தன்னால் எழும்பியது.

"ஏலே, போன எடுக்காத," என்றாள் மாரிக்கனி.

"பிரண்டும்மா."

"பிரண்டு எங்கயும் போயிரமாட்டான்."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "எடுத்துப் பேசுப்பா, கையில என்ன, பொன்வண்டா?" என்றார். "எங்க தாத்தா," என்று சொல்ல வந்து நம்பி வாயை மூடிக்கொண்டார்.

ஜயலக்ஷ்மி ஜன்னலோரம்தான் இருந்தாள். நம்பி அவசரமாக எல்லாவற்றையும் சொன்னார். சுருள், நூல், தாயத்து, பந்தயம். அவள் பாதிக்கு மேல் கேட்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பையா, கிட்ட வா. திற."

தனுஷ் அவள் முன்னால் முழங்காலிட்டு விரல்களைப் பிரித்தான். நம்பி கட்டத்தை ஓரத்தில் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கினார். அத்தையின் கண்ணுக்கு லென்ஸைப் பொருத்தினார். புரை எடுத்து அவர் கையாலேயே கண்ணாடி போட்ட கண். நன்றாகத் தெரியும்.

அவள் பார்த்தாள். மூச்சு விடுவது கேட்டது. நம்பியின் கை வலிக்க ஆரம்பித்தது. மாற்றிப் பிடிக்கலாமா என்று நினைத்தார். பயமாக இருந்தது.

"என்ன அத்தை? அவர்தானா?"

"பேசாம இரு."

மாரிக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கீழ் உதட்ட மடிச்சிருக்கு பாரு," என்றாள் அத்தை. "இடது பக்கம். பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்துடும். சொல்லப்படாது. அப்ப அப்படித்தான் மடிச்சுப்பா. மாமனார் வைதா அப்படி. பந்தியில யாராவது ஒதுக்கினா அப்படி. சாகற வரைக்கும் அந்த உதடு அங்கதான் இருந்தது."

"யாரு?"

"எங்கம்மா."

நம்பி லென்ஸைத் தாழ்த்தப் போனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி உயர்த்தினாள்.

"ஆத்துல பாத்துப் பாத்துக் கத்துண்டிருக்கார். அவ உதட்ட, அவ பாக்கற பார்வைய, எல்லாத்தையும் எடுத்துண்டு போய்க் கொட்டாயில வெச்சிருக்கார். அவள மட்டும் இங்க விட்டுட்டார். படுபாவி." அவள் குரலில் அழுகை இல்லை. கோபமும் பழையது. "பூ வெச்சுண்டிருக்காடா. எனக்கு நெனவு தெரிஞ்சு அம்மா தலையில ஒரு பூ பாத்ததில்லை. மூக்குத்தி பாத்ததில்லை. இப்படி இருந்திருக்கா."

"அத்தை, வேஷத்துக்குள்ள இருக்கறது தாத்தா. கொஞ்சம் உத்துப் பாருங்கோ. தாடை, நெத்தி, ஏதாவது..."

"எங்கடா இருக்கார் அவர் இதுல? இடமே வெக்கலையே."

நம்பிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அலைந்து அலைந்து கடைசியில் கையில் கிடைத்த முகத்தில் தேடியவர் இல்லை. பார்க்க வேண்டியவளும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மாரிக்கனி அதற்குமேல் பொறுக்கவில்லை. "பெரியம்மா, பொம்பளதான?"

அத்தை லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள். மாரிக்கனியை முதல் தடவையாகப் பார்த்தாள். ஒட்ட வெட்டிய தலையோடு முழங்காலிட்டிருந்த பையனைப் பார்த்தாள்.

"இவனுக்கா கட்டப்போறே?"

"ஆமா. நாளைக்குப் போறான்."

"எங்கப்பாவா இருந்தா வேண்டாம்பேன். விட்டுட்டுப் போறவர். அவர நம்பி ஒரு பிள்ளைய அனுப்ப முடியாது." அவள் கட்டத்தை நம்பியின் விரலிலிருந்து தானே வாங்கினாள். "இவ இருப்பா. மாமனார் போற வரைக்கும் இருந்தா, பிள்ளை போற வரைக்கும் இருந்தா, என்னைப் பாத்துண்டு இருந்தா. போகச் சொன்னாலும் போகத் தெரியாது அவளுக்கு. கட்டு."

"அத்தை," என்றார் நம்பி. "ஒரு போட்டோ எடுத்துண்டுடலாம். இனிமே பாக்கவே முடியாது. இவாளும் இப்ப ஒண்ணும் சொல்லமாட்டா."

மாரிக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போலத்தான் இருந்தது.

"வேண்டாம்," என்றாள் அத்தை. "ஒரு தடவை அவளக் கேக்காம எடுத்தாச்சு. போறும்."

கைபேசி நம்பியின் கையிலேயே இருந்தது. அதன் வெளிச்சம் தன்னால் அணைந்தது.

அத்தை பஞ்சைச் சரிசெய்து, கட்டத்தைத் தனுஷின் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு கையாலும் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள்.

"இறுக்காதே. மூச்சு விடற மாதிரி பிடிச்சுக்கோ. வெயில் ஏறறதுக்குள்ள பஸ்ஸப் பிடி."